கடற்கரையைத் தவணை முறையில் நடந்த டெஸ்பாட்ச் மேடம்

இந்த நாட்டில் நடப்பதற்காகப் பஸ் ஏறிய முதல் ஆள் எங்கள் டெஸ்பாட்ச் மேடம்தான். மைசூரிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போவார். கடற்கரையில் நாலு மணி நேரம் நடப்பார். மறுபடி ஏழு மணி நேரம் குலுங்கித் திரும்பி வருவார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்றுமே நடக்காதது போல வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

மைசூருக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அரண்மனை இருக்கிறது, மலை இருக்கிறது, மிருகக்காட்சி சாலை இருக்கிறது. கடல் இல்லையே என்று எங்கள் ஊரில் யாரும் இதுவரை மனு கொடுத்ததில்லை. மேடத்துக்கு மட்டும் அது ஒரு நிர்வாகக் கோளாறாகப் பட்டது.

நானும் அவரும் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்; எனக்கு இன்னும் பதிமூன்று வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. நான் ரெக்கார்டு செக்‌ஷன். அதாவது, யாருக்கும் வேண்டாத காகிதங்களை யாரும் எடுக்க முடியாத உயரத்தில் அடுக்கி வைப்பவன். மேடம் டெஸ்பாட்ச். அவர் எண் போட்டுப் பதிவு செய்யாமல் அந்தக் கட்டடத்தை விட்டு ஒரு கொசுகூட வெளியே போக முடியாது. ஒரு முறை எங்கள் அதிகாரி தன் மகளின் கல்யாணப் பத்திரிகைகளைச் சாமர்த்தியமாக ஆபீஸ் தபாலோடு சேர்த்து வைத்தார். மேடம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, "பொருள்: திருமணம் தொடர்பாக" என்று பதிவேட்டில் எழுதி, நேராக அவர் அறைக்குப் போய், "ஆபீஸ் காப்பி எங்க சார்?" என்று கேட்டார். அதிகாரி அத்தனையையும் திருப்பி வாங்கிக்கொண்டு, தானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்.

மேடத்தின் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். மேடம் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேயே. எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ். ஆபீஸில் மற்றவர்களைப் பற்றிப் பேசுவதற்கும் தமிழ். அது தவிர எல்லாவற்றுக்கும் கன்னடம்.

எல்லாம் ஆரம்பித்தது சர்க்கரையால். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தினம் நடங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். மேடம் மறுநாளே ஷூ வாங்கிக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போனார். மைசூரில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் அங்கேதான் சுற்றுவார்கள். பத்தே நாளில் மேடம் ராஜினாமா செய்துவிட்டார்.

"சுத்திச் சுத்திக் கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கறதுக்கு எதுக்குங்க நடக்கணும்? அதத்தான் முப்பத்தோரு வருஷமா இங்க பண்ணிட்டிருக்கேனே" என்றார் என்னிடம். "நடந்தா எங்கயாவது போய்ச் சேரணும். இல்லாட்டி பேடா, வேண்டவே வேண்டாம்."

அந்த வாரம் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கப் போனவர், அவர் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தன் வழுக்கையைத்தான் பார்க்கிறார் என்று அதிகாரி கையால் தடவிக்கொண்டாராம். மேடம் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த மாநில வரைபடத்தை. இடது ஓரத்தில், நீல நிறத்தை ஒட்டி, மேலிருந்து கீழே ஒரே கோடாகக் கடற்கரை. தெற்கே கேரள எல்லையில் தலப்பாடி, வடக்கே கோவா எல்லையில் மாஜாளி. நடுவில் திரும்பிச் சுற்றி வர வேண்டிய அவசியமே இல்லாத, அரசாங்கமே போட்டுக் கொடுத்த நேர்க்கோடு.

"இந்த ஓரம் பூரா நடக்கப் போறேன் சார்" என்று மேடம் கன்னடத்தில் அறிவித்தார்.

அதிகாரி அதைப் பாதயாத்திரை என்று புரிந்துகொண்டு, பிரசாதம் கொண்டு வரச் சொல்லி லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

முதல் தவணை தலப்பாடியிலிருந்து சோமேஸ்வரம் வரை. மேடம் தனியாகவே போனார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஷூ, குடை, ஒரு நீளமான பதிவேடு. நடை எங்கே முடிகிறதோ அங்கே உள்ள யாராவது ஒருவரிடம், "இன்று இந்த இடத்தில் இவர் வந்து சேர்ந்தார்" என்று கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த முறை அதே இடத்தில், அதே ஆளிடம், "இங்கிருந்து கிளம்பினார்" என்று இன்னொரு கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் முதல் அடி வைக்க வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியது அவர். நிறைவேற்றியது அவர். அவதிப்பட்டது நான்.

நான் எப்படி மாட்டினேன் என்றால், அவர் வீட்டுக்காரரால். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்துக்குப் பட்டா வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து மண்டி மொஹல்லாவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். சந்துக்குள் ஆட்டோ வராததால் முப்பது அடி நடந்து வேறு வந்திருந்தார். வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார்.

"அவ தனியாப் போறா. எனக்கு மனசு ஒரு நிலைல இல்ல" என்றார். "நீங்க ஸ்வல்ப கூடப் போனீங்கன்னா நிம்மதி. நான் போலாம்னா, எனக்கு நடக்கறதுன்னாலே ஆகாது. பாத்ரூமுக்கே யோசிச்சுத்தான் எழுந்திருப்பேன்."

நான் ஒரு நல்ல பொய்யைத் தயார் செய்வதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "போய்ட்டு வரட்டும் சார். தொப்பையாவது கொறையும்."

அவ்வளவுதான். என் சனி ஞாயிறுகள் அரபிக் கடலுக்குத் தாரை வார்க்கப்பட்டன.

இரண்டாம் தவணைக்குச் சோமேஸ்வரத்தில் போய் இறங்கினோம். கையெழுத்துப் போட்ட இளநீர்க்காரர் இல்லை. வண்டி மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்துக் கடைக்காரர், "சொந்தக்காரங்க கல்யாணம், மண்டபத்துக்குப் போயிருக்கார்" என்றார்.

"சரி மேடம், வண்டியே சாட்சியா நிக்குது. கெளம்பலாம்" என்றேன்.

"வண்டி கையெழுத்துப் போடுமா?"

மண்டபம் தேடிப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்றும், பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்றும் நினைத்து வரவேற்றார்கள். இளநீர்க்காரர் பந்தியில் பாயசத்தோடு இருந்தார். மேடம் அவர் இலைக்கு எதிரே பதிவேட்டை விரித்துப் பிடித்தார். அந்த மனிதர் முகத்தில் வந்த திகிலை நான் எந்த ஆடிட்டிலும் பார்த்ததில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார். "இடது கையால் இடப்பட்டது" என்று மேடம் குறிப்பு எழுதிக்கொண்டார். நாங்களும் சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னால், அந்தத் தவணையில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை அடுத்த மாதங்களில் வந்தது. காபுவைத் தாண்டி ஒரு மீனவக் குடியிருப்பில், குடையும் பதிவேடுமாக ஒரு அம்மா, பின்னால் பை சுமந்துகொண்டு ஒரு தொப்பைக்காரன். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? கடலோரத்தில் வீடு கட்டியவர்களைக் காலி செய்ய அளவெடுக்க வந்திருக்கிறார்கள் என்று பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிட்டது. மேடம் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, இது ஆபீஸ் வேலை இல்ல, நான் சும்னே நடக்கறேன்" என்றார். சும்மா நடக்கிறவளுக்கு எதற்குப் பதிவேடு என்று ஒரு பாட்டி கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், அவர்கள் வீட்டு எண் எதுவும் உள்ளே இல்லை என்று முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். கல்யாணப் பந்தி வரும் இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கிளம்பும்போது மேடத்துக்கு மோர் கிடைத்தது. எனக்கு முறைப்பு.

ஆனால் என்னை உண்மையில் கொன்றது ஆறுகள். வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிகிற கடற்கரையில், சில மைல்களுக்கு ஒரு ஆறு வந்து கடலில் விழுகிறது. ஊர்க்காரர்கள் படகில் தாண்டுவார்கள். மேடத்தின் சட்டப்படி படகு செல்லாது.

மல்பேக்கு வடக்கே கோடி பெங்ரே என்று ஓர் இடம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மணல் திட்டு. காலையிலிருந்து அதில் நடந்து நுனிக்கு வந்தோம். எதிர்க்கரை கூப்பிடு தூரம். அங்கே ஒரு கடையில் ஒருவர் டீ ஆற்றுவதுகூடத் தெரிந்தது. படகும் தயாராக நின்றது.

படகுக்காரர், "வாங்க அம்மா, அஞ்சே நிமிஷம்" என்றார்.

"நடந்து போக வழி இருக்கா?"

அவர் மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். "மாராய்ரே, இது தண்ணி" என்று மரியாதையாக விளக்கினார்.

"பாலம் இருக்குமில்ல?"

பாலம் இருந்தது. வந்த வழியே முழுத் திட்டையும் திரும்பி நடந்து, உள்நாட்டில் பாலங்களைத் தேடித் தாண்டி, மறுகரையில் மறுபடி கடல் வரைக்கும் வர வேண்டும். ஒரு முழுத் தவணை. அந்த டீக்கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்று வாரம் கழித்து. அதே படகுக்காரர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, கடைக்காரரிடம் இரண்டு டீ கூடச் சொன்னார். அன்றைய கையெழுத்தும் அவருடையதுதான்.

மேடத்துக்கு இன்னொரு பழக்கம். ஆபீஸில் என்னை 'நீங்க' என்பவர், மடிக்கேரி மலை இறங்கியதும் 'நீ' என்பார். திரும்பும்போது அதே வளைவில் 'நீங்க' திரும்பி வந்துவிடும். அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

குந்தாபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையை விட்டுவிட்டு ஊருக்குள் நுழைந்தார். எங்கள் இலாகாவின் கிளை அலுவலகத்தைத் தேடிப் போகிறார் என்று பிறகுதான் புரிந்தது. பூட்டியிருந்தது. துருப்பிடித்த கேட், அதன் பின்னால் ஓட்டுக் கட்டடம், தூங்குகிற நாய். மேடம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பது போல நின்றார்.

"முப்பத்தோரு வருஷமா இந்த அட்ரஸ எழுதறேன்ப்பா" என்றார். "குந்தாபுரம், பட்கல், குமட்டா, கார்வார். கவர் மேல எழுதி எழுதிக் கை தேஞ்சிருக்கு. ஒரு ஊரையும் பாத்ததில்ல. நெஜமாவே இருக்கான்னு ஒரு சந்தேகம்."

"இருக்கு மேடம். நாய்கூட இருக்கு."

"ஆமா. நல்ல நாய்" என்றார் திருப்தியோடு.

கேலி செய்ய இன்னும் நாலைந்து வாக்கியங்கள் கைவசம் வைத்திருந்தேன். அன்றைக்கு ஏனோ எடுக்கத் தோன்றவில்லை.

மழைக்காலம் வந்து நாலு மாதம் கடல் எங்களுக்கு விடுமுறை கொடுத்தது. மழைக்கு முன் கடைசியாக நிறுத்தியது மரவந்தே தாண்டி ஒரு சின்னக் குப்பத்தில். கருவாடு காயவைக்கும் ஓர் அம்மாள், தன் ஓலைக் கொட்டகை முன்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அக்டோபரில் திரும்பிப் போனால் கொட்டகை இல்லை. அந்த அம்மாள் இல்லை. பக்கத்தில் நின்ற தாழம்புதரும் இல்லை. மழைக்காலக் கடல் கரையை நன்றாகக் கடித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. மேடம் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. இங்கே பத்தடி போவார், அங்கே பத்தடி வருவார்.

"எங்கப்பா இருந்துது? ரெக்கார்டையே கடல் தின்னுட்டுதே."

மணி ஒன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து ஊரில் ஒரு ஓட்டலில் மூன்று மணியோடு மீன் சாப்பாடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வடக்கே தூரத்தில் நீல வண்ணம் அடித்த ஒரு கொட்டகை தெரிந்தது. நான் அதைக் காட்டி, "அதான் மேடம். அதுக்குப் பக்கத்துலதான் நின்னோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.

"நெஜமாவா?"

"ரெக்கார்டு செக்‌ஷன் ஆளு சொல்றேன். எனக்கு மறக்குமா?"

மேடம் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. அந்தக் கொட்டகை வரைக்கும் ரோடு வழியாக ஆட்டோவில் போய் இறங்கினோம். பதிவேட்டில், "சாட்சி கிடைக்கவில்லை. இடத்தை ரெக்கார்டு பிரிவு அடையாளம் காட்டியது" என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

சாப்பாடு கிடைத்தது. பரிமாறியவரிடம் பேச்சுவாக்கில் கருவாட்டுக்கார அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "அவங்க நாகர் கல்லுக்குப் பக்கத்துலல்ல இருந்தாங்க? தெற்கே, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். மழைக்கு அப்புறம் ரோட்டுப் பக்கம் மாறிட்டாங்க" என்றார். நாகர் கல் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதன் மேல்தான் அன்றைக்கு என் பையை வைக்கப் போய் மேடத்திடம் திட்டு வாங்கியிருந்தேன். ஆக, இரண்டு கிலோமீட்டர் கடற்கரையை மேடம் நடக்கவில்லை. ஆட்டோவில் கடந்திருந்தார். நான் இன்னொரு துண்டு மீன் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு பட்கல் வந்தது. முருடேஸ்வரம் வந்தது. ஹொன்னாவரத்தில் நீளமான பாலம் வந்து, முதல் முறையாக ஓர் ஆறு எங்களுக்கு ஒத்துழைத்தது. அகநாசினி ஆறு அந்தத் தயவைக் காட்டவில்லை. மறுபடி படகைப் பார்த்துக்கொண்டே சுற்றி நடந்தோம். கோகர்ணத்தில் அதிகாரி கேட்ட பிரசாதத்தை ஒருவழியாக வாங்கி, எண் போட்டு அவரிடம் ஒப்படைத்தோம். இதற்குள் மேடத்தின் வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. கோகர்ணம் தாண்டிப் பாறை மேடுகளில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்குவார். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு மணலில் நடக்கிற பேச்சே கூடாது என்றாராம்.

"நடங்கன்னு சொன்னது ஒரு டாக்டர். நடக்காதீங்கன்னு சொல்றது ஒரு டாக்டர்" என்றார் மேடம். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து முடிவு பண்ணிட்டு எனக்கு ஒரு லெட்டர் போடட்டும். அதுவரைக்கும் நான் நடக்கறேன்."

ஆனாலும் தேதி குறித்தாகிவிட்டது. மே மாதம், ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய சனி ஞாயிறுதான் கடைசித் தவணை: கார்வாரிலிருந்து மாஜாளி. காளி நதிப் பாலத்தை அவர் ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் ஒரு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு தாண்டினார். நூறு அடிக்கு ஒரு முறை நின்றார். நான் பேசாமல் கூடவே நின்றேன். என் நாக்குக்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது.

ஞாயிறு காலை, மாஜாளிக் கடற்கரை. வடக்குக் கோடியில் ஒரு பாறைக் குன்று. அதன் அடிவாரத்தில் முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. அங்கே ஒரு சின்ன உருவம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மேடத்தின் வீட்டுக்காரர்தான். மைசூரிலிருந்து தனியாகப் பஸ் மாறிப் பஸ் மாறி வந்து சேர்ந்திருந்தார். நாற்காலியை எங்கே வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மடியில் ஒரு மாலையும் ஒரு டப்பா மைசூர்பாகும்.

இன்னும் இருநூறு அடி இருக்கும். நான் நின்றேன்.

"மேடம், ஒரு விஷயம்."

"முடிச்சுட்டுப் பேசலாம்ப்பா."

"முடிக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். மரவந்தே தாண்டி, அந்த நீலக் கொட்டகை. அது அந்த எடம் இல்ல. எனக்குத் தெரியும். பசி. பொய் சொல்லிட்டேன். ரெண்டு கிலோமீட்டர் விட்டுப் போச்சு."

அலை வந்து எங்கள் ஷூவை நனைத்துவிட்டுப் போனது. மேடம் நகரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்கிட்ட கையெழுத்து வாங்கினேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு குடையை மடக்கினார். குன்றடி வரைக்கும் நடந்து, தன் வீட்டுக்காரர் மாலையைத் தூக்குவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுந்திருங்க. இன்னும் முடியல."

"கடல்தான் முடிஞ்சுபோச்சேம்மா? அந்தப் பக்கம் கோவா!"

"நடுவுல ரெண்டு கிலோமீட்டர் பாக்கி."

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டேன். இந்தப் பத்திரிகையைக் குழந்தைகளும் படிக்கிறார்கள்.

கார்வாருக்கு ஆட்டோ, அங்கிருந்து தெற்கே பஸ். மூன்று பேரும் ஒரே சீட்டில், நடுவில் மாலை. ஏழு மாதம் நடந்து வந்த கரை முழுவதும் ஜன்னலில் பின்னோக்கி ஓடியது. பைந்தூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அதிகாரிக்கு, "திங்கள் லீவு. காரணம்: ரெக்கார்டு பிழை திருத்தம்" என்று நான் செய்தி அனுப்பினேன். ரெக்கார்டு பிரிவு வரலாற்றில் யாராவது பிழையைத் தானாகத் திருத்தியது அதுவே முதல் முறை.

திங்கள் காலை நாகர் கல்லைக் கண்டுபிடித்தோம். கருவாட்டுக்கார அம்மாளையும் ரோட்டோரத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். "மழைக்கு அப்புறமே வருவீங்கன்னு காத்துட்டிருந்தேனே" என்று கன்னடத்தில் குறைப்பட்டுக்கொண்டே, கிளம்பிய கையெழுத்தைப் போட்டார்.

மேடத்தால் காலை ஊன்ற முடியவில்லை. ஐம்பது அடி நடந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் தோளைக் கொடுக்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கை நீண்டது. பாத்ரூமுக்கே யோசித்து எழுந்திருக்கும் அந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மேடத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"புடிச்சுக்கோ" என்றார்.

"உங்களால ஆகாதுங்க."

"ஆகாதுன்னு யாரு சொன்னா? ஆர்டர் ஏதாவது வந்திருக்கா?"

இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாதபடி நடந்தார்கள். வழி முழுக்கச் சண்டை. மணல் சுடுகிறது என்றார் அவர். செருப்பைக் கழற்றச் சொன்னது யார் என்றார் மேடம். கடல் ஒரே மாதிரிதானே இருக்கிறது, ஒரு மைல் பார்த்தால் போதாதா என்றார் அவர். அப்புறம், அவராகவே நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார்.

நீலக் கொட்டகை வந்தது. அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கரையில் எங்கள் புகழ் அப்போதே பரவியிருந்தது போல. மாலை கருகியிருந்தது, இருந்தாலும் வீட்டுக்காரர் அதை மேடத்துக்குப் போட்டார். மைசூர்பாகு உருகி ஒரே கட்டியாகியிருந்தது. இருந்தாலும் பிட்டுத் தின்றோம். தலப்பாடியிலிருந்து மாஜாளி வரை ஒரு அடிகூட விடாமல் நடந்து முடித்த பெண்மணி, சர்க்கரைக்காரர், டாக்டர் பேச்சை மீறி இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டுக்குள் வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறார். ஹாலிலிருந்து சமையலறை வரை, தவணை முறையில். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் காபி போட எழுந்து போன நேரத்தில், மேடம் குரலைத் தாழ்த்தி, மலை இறங்காமலேயே 'நீ' போட்டுக் கேட்டார்.

"ஏழு மாசம் சொல்லாம இருந்தே. இருநூறு அடி இருக்கறப்போ எதுக்குச் சொன்னே? சொல்லாட்டி யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?"

"மனசாட்சி மேடம்" என்றேன்.

மேடம் தலையாட்டினார். நம்பிவிட்டார். இரண்டாவது முறையாக என்னை நம்புகிறார், இரண்டாவது முறையாக நான் பொய் சொல்கிறேன். என் மனசாட்சி அந்த ஏழு மாதமும் குறட்டை விட்டுத் தூங்கியது. அன்றைக்கும் அது எழுந்திருக்கவில்லை. குன்று நெருங்க நெருங்க, இனி எந்தச் சனிக்கிழமையும் யாரும் என்னை 'நீ' என்று கூப்பிட மாட்டார்கள் என்பது திடீரென்று உறைத்தது. இன்னும் ஒரு நாளாவது அவரோடு நடக்கக் கிடைக்குமே என்றுதான் சொன்னேன்.